சொந்த பார்க்கிங் இடத்தில் 100 பவுண்டு டிக்கெட்: கட்டுவதற்கு முன் லீஸைப் படியுங்கள்

இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ குடியேறும் நம்மவர்களில் பலருக்கு வருகிற முதல் மிரட்டல் கடிதம் இதுதான். வீட்டோடு கொடுத்த பார்க்கிங் இடத்தில் வண்டி நிற்கிறது. பெர்மிட் அட்டை டேஷ்போர்டிலிருந்து நழுவிவிட்டது, அல்லது புது வண்டியின் எண்ணை இன்னும் பதிவு செய்யவில்லை. காலையில் பார்த்தால் கண்ணாடியில் டிக்கெட். 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. விசாவுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றே 60 பவுண்டைக் கட்டிவிடுகிறார்கள். கட்டியபின் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதலில் காகிதத்தின் தலைப்பைப் பாருங்கள். ‘பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்’ என்றிருந்தால் அது கவுன்சில் தந்தது. அதற்குச் சட்டமும் காலக்கெடுவும் வேறு, கடைசியில் பெய்லிஃப் (பொருளைப் பறிமுதல் செய்ய வரும் அதிகாரி) வரை போகும். ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’ என்றிருந்தால் தனியார் நிறுவனம். இரண்டையும் சுருக்கி பிசிஎன் என்றே சொல்வதால்தான் குழப்பம். தனியார் கேட்பது அபராதம் அல்ல. ‘பலகையில் எழுதிய நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு நிறுத்தினாய், ஒப்பந்தத்தை மீறினாய், பணம் கொடு’ என்கிற சிவில் கோரிக்கை. குற்றவியல் பதிவு எதுவும் இதில் கிடையாது. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

ஒப்பந்தம் என்று அவர்கள் சொல்கிற அந்த இடத்தில்தான் குடியிருப்பவரின் பலம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் வாசலில் நிறுத்துபவருக்கு அங்கே நிறுத்த வேறு உரிமை கிடையாது. பலகை தருகிற அனுமதி மட்டும்தான். உங்கள் நிலை அப்படியல்ல. பலகை முளைப்பதற்குப் பல வருடம் முன்பே லீஸ், அதாவது ஃபிளாட்டை நீண்ட காலத்துக்கு உரிமையாக்கித் தரும் ஒப்பந்தப் பத்திரம், அந்த உரிமையைத் தந்திருக்கலாம். ஏற்கெனவே உங்களுக்கு உள்ள உரிமையைப் பலகை போட்டு உங்களுக்கே திரும்ப விற்க முடியாது.

ஆகவே முதல் வேலை லீஸை எடுப்பது. வீடு வாங்கியபோது சொலிசிட்டர் (பத்திர வேலை பார்த்த வக்கீல்) அனுப்பிய காகிதக் கட்டுக்குள் இருக்கும். இல்லாவிட்டால் நிலப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் கட்டணம் செலுத்தி நகல் வாங்கலாம். வரைபடத்தில் உங்கள் பார்க்கிங் இடம் ஃபிளாட்டோடு சேர்த்துக் கோடிட்டுக் காட்டப்பட்டிருந்தால் அந்த நிலமே லீஸ் காலம் முழுக்க உங்களுடையது. மிக வலுவான நிலை அது. ‘14ஆம் எண் இடத்தில் ஒரு தனியார் வாகனம் நிறுத்தும் உரிமை’ என்பது போல இருந்தால் அதுவும் நல்ல பலம்தான். ‘காலியாக இருந்தால் பொது இடத்தில் நிறுத்தலாம்’ என்றிருந்தால் பலம் குறைவு. பெர்மிட் காட்ட வேண்டும் என்றோ, தவறினால் பணம் கட்ட வேண்டும் என்றோ எங்காவது இருக்கிறதா என்று ஒரு வரி விடாமல் தேடுங்கள்.

ஒரு பிரிவை மட்டும் நேர்மையோடு படிக்க வேண்டும். ‘கட்டட நிர்வாகத்துக்காகக் கட்டட உரிமையாளர் அவ்வப்போது விதிக்கும் நியாயமான விதிமுறைகளுக்குக் கட்டுப்பட வேண்டும்’ என்பது பல லீஸ்களில் உண்டு. நிறுவனத்தின் வக்கீல் பிடித்துக்கொள்வது இதைத்தான். விதிமுறை என்பது ஓர் ஒழுங்கு; மூன்றாவது ஆளுக்கு 100 பவுண்டு கட்டும் கடமை வேறு என்பது உங்கள் பதில். லீஸையே மாற்ற வேண்டுமென்றால் 1987ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 37ஆவது பிரிவில் வழி இருக்கிறது. எட்டுக்கு மேற்பட்ட லீஸ்கள் இருந்தால் 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், 10 சதவீதத்துக்கு மேல் எதிர்க்கக் கூடாது, அதன்பின் ட்ரைப்யூனல் (தீர்ப்பாயம்) உத்தரவு வேண்டும். கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் ஒரு சுற்றறிக்கையைக் கதவடியில் தள்ளியதால் லீஸ் மாறிவிடாது.

வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் பார்க்கிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் அவருடைய லீஸ் நகலையும் கேளுங்கள். அவருக்குள்ள உரிமைதான் உங்களுக்கு வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் பார்க்கிங் பற்றிய பேச்சே இல்லையென்றால், ‘இந்த எண் இடத்தை வாடகைதாரருக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்று அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாதத்துக்குத் துணையாக எடுத்துக்காட்டப்படுவது 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி கோர்ட்டில் மேல்முறையீட்டில் தீர்ப்பான ஜாப்சன் எதிர் ஹோம்கார்ட் வழக்கு. குடியிருப்பவர் ஒருவர் மேஜை இறக்குவதற்காகக் கட்டட வாசலில் சற்று நேரம் வண்டியை நிறுத்தினார். சாமான் இறக்க நிற்பது பார்க்கிங் ஆகாது என்றும், லீஸ் தந்த உரிமையைப் பலகை போட்டுப் பறிக்க முடியாது என்றும் நீதிபதி சொன்னார். எதிர்த்தரப்பு 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கைக் காட்டும். அங்கே 85 பவுண்டு செல்லும் என்றார்கள். ஆனால் அது செம்ஸ்ஃபோர்டில் ஒரு ரீடெயில் பார்க். அந்த ஓட்டுநருக்குத் தனியாக நிறுத்தும் உரிமை எதுவும் கிடையாது. இந்த வித்தியாசத்தை உங்கள் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஜாப்சன் தீர்ப்பு மற்ற நீதிபதிகளைக் கட்டாயப்படுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும். அவர்கள் மதித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் லீஸின் வாசகமே முதல் ஆதாரம்.

முறையீடு எழுதும்போது பெரும்பாலானோர் சறுக்குவது முதல் வரியிலேயே. ‘நான் இரவு எட்டு மணிக்கு நிறுத்தினேன், பெர்மிட் விழுந்துவிட்டது, மன்னியுங்கள்’ என்று எழுதுகிறார்கள். ஓட்டியது யார் என்பதையும் சொல்லியாயிற்று, பெர்மிட் விதி தனக்குப் பொருந்தும் என்றும் ஒப்புக்கொண்டாயிற்று. ஓட்டுநரை அடையாளம் காட்டும் கடமை இந்தக் கட்டத்தில் உங்களுக்கு இல்லை. ‘இந்த வாகனத்தின் ரெஜிஸ்டர்ட் கீப்பர் என்ற முறையில் எழுதுகிறேன்’ என்று தொடங்கி (வாகனப் பதிவில் பெயர் உள்ளவர்தான் கீப்பர்), ‘வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது’ என்றே கடைசி வரை எழுதுங்கள். காரணம், 2012ஆம் ஆண்டு ப்ரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டத்தின் 4ஆவது அட்டவணை. ஓட்டியவர் தெரியாதபோது கீப்பரிடம் பணம் கேட்க நிறுவனம் அந்த அட்டவணையின் நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால், கீப்பருக்கான நோட்டீஸ் 29ஆம் நாளிலிருந்து 56ஆம் நாளுக்குள் வந்து சேர வேண்டும். ஒட்டாமல் கேமராவில் பிடித்திருந்தால் 14 நாளுக்குள் வர வேண்டும். உறையைக் கிழித்து எறியாமல், வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள்.

லீஸின் அந்தப் பக்கம், வரைபடம், இடத்தின் எண் தெரியும் படம், பெர்மிட்டின் படம், பலகையின் படம் எல்லாவற்றையும் இணைத்து 28 நாளுக்குள் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இரவில் டிக்கெட் வந்திருந்தால் பலகையை இரவிலேயே படம் எடுங்கள். விளக்கில்லாத பலகையின் பொடி எழுத்து வாசிக்க முடியாதது என்பதை அந்தப் படமே காட்டிவிடும். நில உரிமையாளரோடு நிறுவனம் செய்த ஒப்பந்தத்தைக் காட்டும்படியும் கேளுங்கள். அதே நாளில் மேனேஜிங் ஏஜென்டுக்கும் எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள். நிறுவனத்தை அமர்த்தியது பெரும்பாலும் அவர்கள்தான். பல டிக்கெட்டுகள் அங்கேயே முடிந்துவிடும்.

நிறுவனம் மறுப்பதில் வியப்பில்லை. பிபிஏ, ஐபிசி என்று பார்க்கிங் நிறுவனங்களின் சங்கங்கள் இரண்டு. நிறுவனம் பிபிஏ சங்கத்தில் இருந்தால் பாப்லா என்ற மேல்முறையீட்டுச் சேவைக்கு, ஐபிசி சங்கத்தில் இருந்தால் அந்தச் சங்கத்தின் மேல்முறையீட்டுச் சேவைக்கு இலவசமாகப் போகலாம். பாப்லாவில் ஜெயித்தால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். தோற்றாலும் நீங்கள் கட்டியாக வேண்டும் என்றில்லை. ஆனால் 60 பவுண்டு தள்ளுபடி இந்தக் கட்டத்தில் போய்விடும்.

அதன்பின் கடன் வசூல் நிறுவனங்களின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் வரும், தொகை 170 பவுண்டு ஆகும். அவர்கள் பெய்லிஃப் அல்ல, வீட்டுக்குள் நுழைய அதிகாரமில்லை. வழக்குப் போடுவதற்கு முன் அனுப்பும் ‘லெட்டர் பிஃபோர் கிளைம்’ வந்தால் மட்டும் கதை வேறு: 30 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். கோர்ட்டின் கிளைம் ஃபார்ம் (வழக்குப் படிவம்) வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதில் உள்ள இஷ்யூ தேதிக்கு 5 நாள் கழித்து உங்களுக்குக் கிடைத்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளுக்குள் ஆன்லைனில் அக்னாலெட்ஜ்மென்ட் (படிவம் கிடைத்தது என்ற ஒப்புகை) கொடுத்தால், எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாள் கிடைக்கும். ஸ்மால் கிளைம்ஸ் (சிறு தொகை வழக்கு) என்பதால் தோற்றாலும் எதிர்த்தரப்பின் முழு வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழாது. விசாரணைக்கு முன் தொலைபேசியில் ஒரு சமரசப் பேச்சு உண்டு. அதில் கலந்துகொள்வது கட்டாயம், பணம் தர ஒப்புக்கொள்வது கட்டாயமில்லை.

உண்மையான சேதம் நடப்பது முகவரியில். புதிதாக வந்தவர்கள் அறை மாறி, வீடு மாறி, ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டு வண்டியின் பதிவுச் சான்றான வி5சி லாக்புக்கை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனிப் பதிவு. கோர்ட் காகிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் இல்லாமல் தீர்ப்பாகி, சிசிஜே (பணம் கட்டச் சொல்லும் கவுண்டி கோர்ட் தீர்ப்பு) ஆறு வருடம் கிரெடிட் பதிவில் நிற்கும். அதை நீக்க மனுச் செய்யவே 300 பவுண்டுக்கு மேல். விசா, குடியுரிமைப் படிவங்களில் கேட்கப்படுவது சிவில் கோர்ட் தீர்ப்பு பற்றித்தான், பார்க்கிங் டிக்கெட் பற்றி அல்ல. வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏயில் வி5சி முகவரியை மாற்றக் கட்டணமில்லை, இன்றே மாற்றிவிடுங்கள்.

டிக்கெட் ரத்தானாலும் வேலை முடியவில்லை. உங்கள் இடத்தின் எண்ணைக் கண்காணிப்பிலிருந்து விலக்கிவிட்டதாக மேனேஜிங் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே அதே கண்ணாடியில் அடுத்த டிக்கெட் ஒட்டுவார்கள்.