எந்தக் கணினிக்குப் போனாலும் கேப்ஸ் லாக்

பார்வை இல்லாத எனக்குக் கணினியில் எல்லாமே, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் சொல்லித்தான் தெரியும். விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் பழகிய கை, வேலைக்காக மேக்கும் லினக்ஸும் சேர்ந்தபோது ரொம்பவே தடுமாறியது. கட்டளைகள் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிட்டன, விரல்தான் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு திரைவாசிப்பானும் தன் கட்டளைகளுக்கென்று ஒரு விசையைப் பிடித்து வைத்திருக்கும். என்விடிஏ, ஜாஸ் இரண்டுக்கும் வழக்கமாக இன்சர்ட், மேக்கின் வாய்ஸ்ஓவருக்கு கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்து, லினக்ஸின் ஆர்க்காவுக்கு மேசைக்கணினி அமைப்பில் இன்சர்ட், மடிக்கணினி அமைப்பில் கேப்ஸ் லாக். மேக் கீபோர்டில் இன்சர்ட்டே கிடையாது. ஆனால் கேப்ஸ் லாக்கை எல்லாமே ஏற்கும் என்பதால், என்விடிஏ அமைப்புகளில் கீபோர்டு பகுதியிலும், வாய்ஸ்ஓவர் யூட்டிலிட்டியிலும் அதையே குறித்துவிட்டு, ஆர்க்காவை மடிக்கணினி அமைப்புக்கு மாற்றினேன். பெரிய எழுத்து தேவைப்பட்டால் அதே விசையைச் சட்டென இரண்டு முறை தட்டினால் போதும்.

அடுத்த சிக்கல் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில். நான் எல்லாக் கணினியிலும் ஒரே விண்டோஸ் கீபோர்டைத்தான் செருகுகிறேன், அதை மேக்கில் செருகினால் விண்டோஸ் விசை கமாண்ட் ஆகிறது, ஆல்ட் ஆப்ஷன் ஆகிறது, ஆக மேக் கீபோர்டில் கட்டைவிரல் தேடும் இடத்தில் கமாண்டுக்குப் பதில் ஆப்ஷன் உட்கார்ந்திருக்கும். விசைமேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து அழுத்துகிறவருக்கு இது சின்ன விஷயம். நாங்கள் ஸ்பேஸ் பாரிலிருந்து எத்தனையாவது விசை என்று எண்ணித்தான் போகிறோம், அதனால் இடம் மாறினால் எல்லாமே மாறிவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டுக்குள் மாடிஃபையர் கீஸ் பகுதியில் அந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு கீபோர்டுக்கும் தனியாக மாற்றலாம், எனவே மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டு அப்படியே இருக்கும்.

கன்ட்ரோலையும் கமாண்டையும் மாற்றிவிடு, காப்பி பேஸ்ட் விண்டோஸ் மாதிரியே இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. படித்துக்கொண்டிருக்கும் குரலை நிறுத்த என்விடிஏவிலும் வாய்ஸ்ஓவரிலும் கன்ட்ரோலைத்தான் தட்டுகிறோம், யாராவது கூப்பிட்டால் யோசிக்காமலே சுண்டுவிரல் இடது மூலைக்குப் போகும். காப்பிக்காக அந்தப் பழக்கத்தை விட முடியாது. மேக்கில் கட்டைவிரலால் காப்பி, மற்றதில் சுண்டுவிரலால் என்று பழகிக்கொண்டேன்.

பழகுவதற்கு ரொம்ப உதவியது விசை கற்கும் வசதிதான். என்விடிஏவில் கேப்ஸ் லாக்கோடு 1, வாய்ஸ்ஓவரில் கே, ஆர்க்காவில் ஹெச். அதற்குள் இருக்கும்போது எதை அழுத்தினாலும் பெயரை மட்டும் சொல்லும், எதுவும் அழியாது, எதுவும் திறக்காது. வெளியே வர என்விடிஏவில் மறுபடி அதே கட்டளை, மற்ற இரண்டிலும் எஸ்கேப்.