கோத்தகிரிக்கு ஒன்றுவிட்டு ஒரு வாரம்

கோத்தகிரியில் வீடு இருக்கிறது என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் மனதில் எஸ்டேட், பங்களா, வாசலில் ஜீப் என்று ஒரு படம் ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, தகரக் கூரை போட்ட முன்திண்ணை, பின்னால் நாலு சில்வர் ஓக் மரம், அவ்வளவுதான். மாமா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிப் போட்டது, இப்போது எங்களுக்கும் கொழுந்தனார் குடும்பத்துக்கும் பொது. ஒரு வாரம் அவர்கள், அடுத்த வாரம் நாங்கள்.

ஆபீசில் கேட்பார்கள், ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், ரெண்டு பிள்ளைகள், வயதான அத்தை வேறு, இத்தனை பேரைக் கிளப்பிக்கொண்டு எப்படி மாதம் ரெண்டு தடவை மலை ஏறுகிறீர்கள் என்று. ஏறுவது ஒரு விஷயமே இல்லை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து கோத்தகிரி இன்னொரு முப்பத்துமூன்று, விடியக்காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் காப்பி போட்டுவிடலாம். பிரச்சினையெல்லாம் திரும்புவதில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் கழுவி, மூட்டை கட்டி, சண்டை போட்டு, இருட்டில் கீழே இறங்கி, திங்கட்கிழமை காலையில் அழுக்குத் துணி மலைபோல் கிடந்தால் அடுத்த தடவை யாருக்கும் கிளம்பவே மனசு வராது. மலையில் வீடு வாங்கி ரெண்டு வருஷத்தில் விற்றுவிட்ட குடும்பங்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். கேட்டால் பராமரிப்புச் செலவு என்பார்கள். எனக்கென்னவோ ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

அதனால் எங்கள் ஏற்பாடு எல்லாமே அந்த மதியத்தை லேசாக்குவதற்காகத்தான்.

முதலில் மூட்டை. கோவையிலிருந்து எதுவும் கொண்டுபோவதில்லை என்பதுதான் விதி, கிட்டத்தட்ட. ஸ்வெட்டர், செருப்பு, பல் தேய்க்கும் பிரஷ், அத்தையின் பிரஷர் மாத்திரையில் ஒரு அட்டை, சின்னவனின் பழைய செஸ் போர்டு, எல்லாம் மேலேயே இருக்கின்றன. வீட்டு உபயோகத்தில் ரெண்டாந்தரம் ஆன துணிகள் மலைக்குப் போய்விடும், நல்ல துணி போட்டுக்கொண்டு அங்கே யாரைப் பார்க்கப் போகிறோம். காய்கறி கொண்டுபோவது இன்னும் மடத்தனம், கேரட், பீன்ஸ், பீட்ரூட் எல்லாம் விளைகிற ஊருக்கு உழவர் சந்தையிலிருந்து வாங்கிப் போவானேன். கோத்தகிரி மார்க்கெட்டில் ஒரு பை காய், பேக்கரியில் சுடச்சுட வர்க்கி, முடிந்தது.

கொண்டுபோகிற ஒன்றே ஒன்று இட்லி மாவு. மேலே அரைத்து வைத்தால் குளிரில் மறுநாள் மதியம் வரை அப்படியே மொழுக்கென்று கிடக்கும், பொங்கவே பொங்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி கோவையிலேயே புளிக்க வைத்துத் தூக்குப்போசியில் எடுத்துப் போவோம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பாதி போசிக்கு மேல் ஊற்றக் கூடாது. மலை ஏற ஏற காற்றழுத்தம் குறையுமில்லையா, அதே காரணத்தால்தான் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் காரில் உப்பிக்கொண்டு நிற்கும். இறுக்கி மூடிய புளித்த மாவோ, வளைவுகளில் ஆடி ஆடி, கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற அரவேனு வருவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். சீட்டுக்கு அடியில் மாவு இறங்கினால் அந்தப் புளிச்ச வாசனை தீபாவளி வரை போகாது.

கிளம்புவது சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரியே போய்விட்டால் ஒரு காலைப்பொழுது கூடுதலாகக் கிடைக்குமே என்று என் கணவர் ஆரம்பத்தில் வாதாடிக்கொண்டிருந்தார். ஆனால் பலாப்பழ சீசனில் வழியில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானைகள் ரோட்டுக்கே வந்து நிற்கும், மழைக்காலத்தில் பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. காலையில் போனால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள், தூங்குகிற பிள்ளைக்குக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராது. அப்படியும் வந்தால் பிடிக்க ஒரு பழைய பெயிண்ட் டப்பா டிக்கியில் நிரந்தரமாக உண்டு. பாலிதீன் கவரை வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டில் பதில் சொல்ல முடியாது. நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை, வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, கண்டிப்பாகச் செய்யட்டும். ஸ்டீல் பாட்டில் வாங்குவது அவ்வளவு பெரிய கஷ்டமா என்ன.

இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி மலை ஏற ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி, அதுதான் கொஞ்சம் தொல்லை. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது, டி.என். 43 என்ற நீலகிரி நம்பர் வண்டிக்கு வேண்டாம், எங்களுடையது கோவை நம்பர், ஆகவே சொந்த வீட்டுக்குப் போகவும் பாஸ். பெரியவள்தான் இதற்குப் பொறுப்பு. வியாழக்கிழமை ராத்திரி போனில் எடுத்து, கார் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி பிரிண்டும் போட்டுவிடுவாள். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கு வேறு வைத்தார்கள். ஏப்ரல், மே மாதத்தில் எப்படியும் நாங்கள் போவது குறைவு. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், ஊட்டி பார்த்துவிட்டு இறங்குகிற மொத்தக் கூட்டமும் எங்கள் வீட்டு முனையைத்தான் தாண்டிப் போகும். ஊரே மலைக்கு ஓடுகிற நேரத்தில் நாங்கள் கோவையில் ஏர்கூலரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், சிரிக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்தாலே உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்திருக்கும், தீப்பெட்டி நமுத்துப் போயிருக்கும், தலையணை ஒரு மாதிரி ஈர நாய் வாடை அடிக்கும். பூசணம்தான் மலை வீட்டின் நிரந்தரக் குடித்தனக்காரர், வாடகை தராமல். மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது, கம்பளியை பீரோவில் அடுக்கக் கூடாது, கொடியில் விரித்துத்தான் போட வேண்டும் என்பதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிற அக்கா. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் அவர்களுடையது, மலைவீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வாரம் ஒரு தடவை வந்து வீட்டைத் திறந்து காற்றாட விட்டு, தண்ணித் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். மாதாமாதம் ஒன்றாம் தேதி பணம் போய்விட வேண்டும் என்பதில் கொழுந்தனாரும் நாங்களும் ஒரே கட்சி. "வீட்டைப் பார்த்துக்கிறாங்க, ஏதாச்சும் பார்த்துக் கொடுப்போம்" என்று சும்மா உறவு கொண்டாடி வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது.

சமையல் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க கோவையில் சமைத்துவிட்டு வார இறுதியில் ஆறாயிரம் அடி உயரத்தில் அதே சமையலைச் செய்வதற்குப் பெயர் ஓய்வு இல்லை. அதுவும் அங்கே தண்ணீர் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, குக்கரிலும் வழக்கத்தைவிட ரெண்டு விசில் கூட விட வேண்டும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் கடைச் சாப்பாடு, ராத்திரி இட்லி, ஞாயிற்றுக்கிழமை காலை தோசையும் முட்டையும், இதில் தோசைக் கரண்டி என் கணவர் கையில். ஞாயிறு மதியம் அடுப்பே பற்ற வைப்பதில்லை. மீந்த தோசை, வர்க்கி, பழம், இஷ்டப்பட்டதைத் தின்றுகொள்ளலாம். அத்தை முதலில் முகத்தைச் சுளித்தார், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கறிச்சோறு இல்லாமலா என்று. அந்தக் கறிச்சோறுதான் நம்மை நாலு மணி வரை அங்கே கட்டிப் போடுகிறது என்று சொல்லிப் புரியவைக்க கொஞ்ச நாள் பிடித்தது.

ஏனென்றால் இரண்டு மணிக்குக் காரில் இருந்தாக வேண்டும். மூன்றரைக்குமேல் ஊட்டிக் கூட்டம் இறங்க ஆரம்பிக்கும், மேட்டுப்பாளையத்தில் அகப்பட்டால் மார்க்கெட் லாரிகளுக்கு நடுவில் பொழுது போய்விடும். ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரை ஆளுக்கொரு வேலை, யாரும் அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது. சின்னவன் எல்லா ஜன்னல் கொக்கியையும் போட்டு, போட்டதைச் சத்தமாகச் சொல்வான், "பெட்ரூம் ரெண்டு, கிச்சன் ஒண்ணு" என்று கண்டக்டர் மாதிரி. பெரியவள் சிலிண்டரை மூடி, மெயின் ஸ்விட்சை அணைப்பாள். என் கணவர் மோட்டார், தண்ணீர் வால்வு, குப்பை. நான் சமையல்கட்டு.

சமையல்கட்டில் எண்ணெய், வெல்லம், தேன், பழம் எதுவும் மிஞ்சக் கூடாது. எலிக்காக மட்டும் இல்லை, கரடி. கோத்தகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசே கிடையாது, விளக்கெண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைத்து உள்ளே போகும். கொல்லைப்புறத்தில் கொய்யா பழுக்கிற காலத்தில் மரத்தில் நகக் கீறலைப் பார்த்திருக்கிறேன், பட்டை உரிந்து, என் கையகலத்துக்கு நாலைந்து கோடு, ஈரம் இன்னும் காயாமல். அன்றிலிருந்து பழுக்குமுன்பே பறித்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறோம். மீந்த எண்ணெய் பாட்டில், குப்பை எல்லாம் எங்களோடு காரில் இறங்கிவிடும். வீட்டுக்கு வெளியே குப்பைக் குழியில் கொட்டிவிட்டு வருகிறவர்கள்தான் கரடியை ஊருக்குள் கூப்பிடுகிறவர்கள், இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பூட்டும் முன் நோட்டில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னது குட் மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்து போகிறது என்பதால் சமையல்கட்டு ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. "டீத்தூள் காலி." "பாத்ரூம் குழாய் சொட்டுது, பிளம்பரிடம் சொல்லியாச்சு." "நாலு போர்வை துவைச்சு வெச்சிருக்கேன், தயவுசெய்து நாயை மேலே படுக்க விடாதீங்க." கடைசி வரி என் ஓரகத்தி எழுதியது. நாய் எங்களுடையது.

சாவி கேட்பவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுசாகாது. "சும்மாதானே பூட்டிக் கிடக்கு" என்று ஆரம்பித்தால் அவர் சாவி கேட்கப் போகிறார் என்று அர்த்தம். முடியாது என்று சொல்லி உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், எங்களோடு வாருங்கள் என்று சொல்லிவிடுவோம். பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். மீதிப் பேருக்குக் கொக்கி போடும் வேலையில் பங்கு உண்டு.

கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். பெட்ரோல், வீட்டு வரி, கரண்ட், அக்கா சம்பளம், வருஷா வருஷம் கூரைக்கு ஏதாவது, இந்தக் காசுக்கு நல்ல ரிசார்ட்டிலேயே அவ்வப்போது தங்கிவிடலாம். இந்தக் கிறுக்கு கோவைக்காரர்களுக்குப் பழசு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, குளிரில் மயங்கி, கோத்தகிரி பக்கத்துக் கன்னேரிமுக்கில் பங்களா கட்டிக்கொண்டார், அது இன்னும் நிற்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். அவருக்கு ஜன்னல் கொக்கி போட ஆள் இருந்திருக்கும்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் போவதை நிறுத்திவிடுவோம். 2009 நவம்பரில் மண் சரிந்து நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் அக்காவுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. ஒரு வருஷத்துக்கு மலையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று போன வாரம் சாப்பிடும்போது பேச்சு வந்தது. அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், "நீங்க இருங்க சாமி. நான் மேட்டுப்பாளையத்துல பஸ் மாறிப் போய்க்கிறேன்." எண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வருவார்.