கண்ணாடி எடுக்க மறந்தவர்கள்

வழக்குகளைச் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்ற (லோக் அதாலத்) அமர்வுகளில் சட்டத் தன்னார்வலராக உதவத் தொடங்கிய புதிதில், “கண்ணாடி எடுக்க மறந்து போச்சு சாரே” என்று பலர் சொல்வதை அப்படியே நம்பினேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தில், வாசிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னிலையில் சொல்வது பிற இடங்களைவிடக் கூடுதல் வெட்கம் தருவது என்பது பிறகுதான் புரிந்தது. (அந்தக் கணக்குக்கு எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தாலும் போதும், கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் மட்டும் படித்த முதியவருக்குத் தமிழ் அறிவிப்பு வெறும் கோடுகள்தான்.)

அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்த ஒரு பெண்ணின் கடன் வழக்கு மறக்க முடியாதது. அவருக்கு வந்த அறிவிப்பு ஒன்பது நாள் மடித்தபடியே கிடந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் கடன் சங்கதி ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமே காரணம். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். மாதம் 1,200 ரூபாய் வட்டி என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் தாளில் “ஆண்டுக்கு 36 விழுக்காடு” என்று வாசித்தபோது, “அது என் கடன் இல்ல” என்று உறுதியாக மறுத்தார்.

மாதம் 2,000 வீதம் 24 தவணை என்று சமரசம் பேசப்பட்டது. அவர் தலையாட்டினார்; அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் பிழை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதற்கு மேல்முறையீடும் கிடையாது என்பதால், அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு கனம் என்பதை நான் உணர்ந்திருக்க வேண்டும். நல்ல வேளையாகக் கையெழுத்துக்கு முன் திண்ணையில் உட்கார்ந்து, வாரத்துக்கு ஏறக்குறைய 500 ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று சொன்னேன். சனிக்கிழமைக் கூலி வாங்குபவருக்கு மறுகணமே கணக்கு விளங்கியது. “ஆபீஸ் பூட்டிக் கிடக்கிற மாசம் எத வச்சுக் குடுப்பேன்?” என்று கேட்டார். சட்டம் படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது.

மீண்டும் உள்ளே போனோம். கடன் கொடுத்தவர் முணுமுணுத்தாலும், வேலை இல்லாத மாதத்தின் தவணை கடைசியில் சேரும் என்று ஒரு வரி கூட்டப்பட்டது. அந்த வரியை நான் வாசித்ததும், அந்தப் பெண்ணைத் தம் சொற்களில் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.