பழைய காரின் துருப்பிடித்த சைலன்சர் குழாய்: குறைந்த செலவில் சரிசெய்த அனுபவம்

எங்கள் காருக்கு வயது பதினாறு. இன்ஜினும் கியர்பாக்ஸும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கொஞ்ச நாளாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அடியிலிருந்து ஒரு உறுமல் வர ஆரம்பித்தது. சில வாரங்களில் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதே படபடவென்று கேட்டது. காட்டிய இடத்தில் முன்னாலிருந்து பின்னால்வரை முழு எக்ஸாஸ்ட் செட்டையும் (புகையை வெளியேற்றும் குழாய்களும் சைலன்சரும்) மாற்றச் சொன்னார்கள். இந்த வயதுக் காருக்கு அது பெரிய தொகை. கெட்டுப்போனது எல்லாமேவா, ஒரு துண்டுதானா என்று பார்க்காமல் அந்தப் பணத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் நானே அடியில் புகுந்து பார்த்தேன். கெட்டிருந்தது ஒரு சாணுக்கும் குறைவான குழாய்தான்.

அது ஏன் அந்த இடத்தில் மட்டும் கெட்டது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அது நீராவியாக வெளியே போய்விடும். பக்கத்தில் போய்விட்டு உடனே திரும்பும் ஓட்டமாகவே இருந்தால் பின்பக்கக் குழாயும் சைலன்சர் பெட்டியும் நீர் ஆவியாகிற அளவுக்குச் சூடாவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையில் இருக்கும் வாயுக்களோடு சேர்ந்து லேசான அமிலமாகி, இரும்பை உள்ளிருந்து தின்கிறது. மழைச்சேறும், பனி பெய்யும் ஊர்களில் சாலையில் போடும் உப்பும் வெளியிலிருந்து தின்பது தனி. இன்ஜினுக்குப் பக்கத்தில் உள்ள முன்பகுதி சீக்கிரம் சூடாகிக் காய்ந்துவிடுவதால் பல ஆண்டுகள் தாங்கும். எங்கள் கார் பெரும்பாலும் சின்னச் சின்ன ஓட்டம்தான். அதனால் பின்பக்கம் மட்டும் போயிருக்கலாம் என்று முதலிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது.

வேலைக்குள் போகும் முன் ஒன்று. சத்தம் வெறும் தொந்தரவு, ஒழுகும் புகைதான் ஆபத்து. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பழைய காரில் தரைத்தகட்டிலும் துரு ஓட்டைகள் இருக்கும், ரப்பர் அடைப்புகள் விழுந்திருக்கும். அடியில் கசியும் புகை அந்த வழியாக உள்ளே ஏறிவிடும். பயணத்தில் காரணமில்லாமல் தலைவலியோ மயக்கமோ வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஓட்டை எங்கே என்று தெரியும்வரை எங்கள் வீட்டில் யாரும் அந்தக் காரில் ஏறவில்லை. சரிசெய்த பிறகு தரைத்தகட்டையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

கசிவைக் கண்டுபிடிக்கும் வேலையை வண்டி முழுக்க ஆறிய பிறகு ஆரம்பித்தேன். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரின் அடியிலும் படுக்கக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். மல்லாந்து படுத்து மேலே தட்டும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

எனக்குச் சிறப்பாக உதவிய முறை இதுதான்: காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வேக்கம் கிளீனரின் குழாயை எக்ஸாஸ்டின் கடைசி முனையில் துணி சுற்றிப் பொருத்தி ஓடவிட்டேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. பிறகு சோப்புத் தண்ணீரைக் குழாய் முழுக்கத் தெளித்தேன். கசியும் இடத்தில் நுரை கொப்பளித்தது. சூடும் இல்லை, புகையும் இல்லை, நிதானமாகப் பார்க்கலாம். இணைப்புகளைச் சுற்றிக் கரிப் படிவு இருந்தால் அதுவும் ஒரு அடையாளம்.

இரண்டு இடத்தில் நுரை வந்தது. ஒன்று, பின் சைலன்சர் பெட்டிக்குச் சற்று முன்னால், தொங்கும் கொக்கி குழாயோடு வெல்டு செய்யப்பட்ட இடம். இன்னொன்று, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் போல்ட் போட்ட இணைப்பு. அங்கே வளையப் பேக்கிங் தேய்ந்து போயிருந்தது. சைலன்சர் பெட்டியின் அடியில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. அது தண்ணீர் வடிவதற்காகத் தயாரிப்பிலேயே போட்டது. பல கார்களில் அப்படி இருக்கும், அதை அடைக்கக் கூடாது.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்: நல்ல இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு சின்னச் சுத்தியலால் குழாயை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு டங்கென்று ஒலிக்கும். அரித்துப்போன இடத்தில் டொக்கென்று செத்த சத்தம் வரும். சத்தம் மாறிய இடங்களில் திருப்புளி முனையால் அழுத்திப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை விரல்நகம் அளவுதான். ஆனால் அதைச் சுற்றி இருபுறமும் பல சென்டிமீட்டர் தூரத்துக்குத் தகடு காகிதம்போல் மெலிந்திருந்தது. திருப்புளி எங்கே உள்ளே இறங்கவே மறுத்ததோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள துண்டுதான் போக வேண்டியது. மற்ற எதையும் தொடத் தேவையில்லை.

மலிவாகச் செய்கிறேன் என்று பலர் இந்த இடத்தில்தான் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் எண்ணம். ஓட்டையின் மேல் பசை பூசுகிறார்கள், துருவின் மேலேயே தகடு வைத்து வெல்டு செய்கிறார்கள். மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும். ஒட்டினாலும் பக்கத்தில் கிழியும். எக்ஸாஸ்ட் பசைக்கும் கண்ணாடி இழைக் கட்டுத்துணிக்கும் இடம் உண்டு. ஊசி முனை ஓட்டைக்கும், சாமான் வந்து சேரும்வரை ஒப்பேற்றவும் அவை போதும். அதிர்கிற, வளைகிற இணைப்புகளில் பசை வெடித்து உதிர்ந்துவிடும். சாதாரண எபாக்ஸி பசை எக்ஸாஸ்ட் சூட்டுக்கு ஆகவே ஆகாது.

குழாயின் அளவு எடுக்க ஒரு நூல் போதும். துருவைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் நன்றாகத் தேய்த்துவிட்டு, நூலை ஒரு சுற்று சுற்றி நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். எனக்கு 141 மி.மீ. வந்தது, அதாவது 45 மி.மீ. குழாய். துருவோடு அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகக் காட்டும், வாங்கிய குழாய் லொடலொடவென்று நிற்கும். நான் வாங்கியது 45 மி.மீ. உள்விட்டம் உள்ள எக்ஸாஸ்ட் குழாய்த் துண்டு, இரண்டு பட்டை கிளாம்ப், கொக்கியோடு வரும் ஒரு கிளாம்ப், புதிய வளையப் பேக்கிங், புதிய ஸ்பிரிங் போல்ட் செட், குழாயைக் காரின் அடியில் தொங்கவிடும் ரப்பர்கள். முழு செட்டுக்குக் கேட்ட தொகையில் இது ஒரு சின்னப் பங்குதான்.

கிளாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. யு வடிவக் கிளாம்ப் இன்னும் மலிவு. ஆனால் அது குழாயை நசுக்கிப் பள்ளம் போட்டுவிடும், பிறகு கழற்ற முடியாது, ஓரத்தில் கசியவும் செய்யும். அகலமான பட்டை கிளாம்ப் சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கும். இந்த ஒரு இடத்தில் கூடுதல் செலவு தகும். தண்ணீருக்குப் போடும் துத்தநாக முலாம் பூசிய குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அதை வெல்டு செய்தால் வரும் புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும்.

அப்புறம் போல்ட். பழைய எக்ஸாஸ்டில் நேரத்தைத் தின்பது இதுதான். கழற்றுவதற்கு முந்தின நாள் காலையிலும் இரவிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவைத்தேன். ஊற்றும் முன் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் உள்ளே இறங்காது. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும் என்பதால் ஆறு முனை சாக்கெட்டையே போட்டேன். நேராகக் கழற்றப் போகாமல் முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி என்று முன்னும் பின்னும் ஆட்டினால் துரு உடையும். ஒரு நட் அப்படியே வந்துவிட்டது.

மற்ற நட்டுக்கு மூலைகளே இல்லை, துரு தின்று உருண்டையாகிவிட்டது. கிரைண்டரை வைத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் எங்கள் காரில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த இடத்தை ஒட்டியே போகின்றன. அங்கே தீப்பொறி பறக்கவிட எனக்கு விருப்பமில்லை. கேஸ் டார்ச்சால் சூடேற்றுவதும் அதே காரணத்தால் வேண்டாம் என்று விட்டேன், போதாததற்கு ஊற்றிய எண்ணெயும் பற்றும். நட்டைப் பிளக்கும் கருவி என்று ஒன்று இருக்கிறது. வளையத்துக்குள் நட்டை விட்டுத் திருகினால் ஒரு உளிமுனை நட்டின் பக்கத்தில் இறங்கிப் பிளந்துவிடும். தெரிந்தவரிடம் இரவல் வாங்கி அதைத்தான் பயன்படுத்தினேன். எப்படியும் புதிய போல்ட் போடப்போகிறோம், பழையதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

தொங்கும் ரப்பர்களைச் சோப்புத் தண்ணீர் போட்டு நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். கடைசி ரப்பரைக் கழற்றும் முன் குழாய்க்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்துவிட வேண்டும், சைலன்சர் நினைப்பதைவிடக் கனம்.

பின்பகுதி முழுவதும் வெளியே வந்தபின் தரையில் வைத்து வெட்டினேன். வெட்டும் முன் இரண்டு காரியம் செய்தேன். சாக்பீஸ் கோடுகளுக்கு வெளியே, நல்ல பகுதியில் இருபுறமும் ஒரு குறி குத்தி, இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எழுதிவைத்தேன். பிறகு குழாயின் முதுகில் நீளவாக்கில் ஒரே நேர்கோடு கீறினேன். துண்டை எடுத்த பிறகு மொத்த நீளம் எவ்வளவு, எந்தக் கோணத்தில் சைலன்சர் நின்றது என்ற இரண்டையும் இந்தக் குறிகள்தான் சொல்லும். இது இல்லாமல் சேர்த்தால் கடைசி முனை பம்பரில் இடிக்கும் அல்லது கொக்கிகள் ரப்பருக்கு எட்டாது.

ஹேக்ஸாவால் வெட்டி, முனைகளின் பிசிறை அரத்தால் ராவினேன். எடுத்த துண்டு ஏறக்குறைய 18 செ.மீ. இருந்தது. ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. மேலே ஏறி உட்கார வேண்டும் என்பதால் புதிய குழாயை 28 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். அதன் இரு முனைகளிலும் ஹேக்ஸாவால் நீளவாக்கில் சின்னப் பிளவுகள் போட்டேன். இந்தப் பிளவு இல்லாவிட்டால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் குழாய் சுருங்கிப் பிடிக்காது. அதேநேரம் பிளவு கிளாம்பின் அகலத்தைத் தாண்டிப் போனால் அந்த வழியாகப் புகை கசியும். உள்ளே லேசாக எக்ஸாஸ்ட் பசை பூசிப் பொருத்தினேன். இங்கே பசைக்கு வேலை இடைவெளியை நிரப்புவது மட்டும்தான், பாரத்தைத் தாங்குவது கிளாம்ப்.

காரில் ஏற்றும்போது எதையும் முதலில் இறுக்கவில்லை. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, புதிய ரப்பர்களில் தொங்கவிட்டு, கீறிய கோடு நேராக வருகிறதா, பாடியிலிருந்து எல்லா இடத்திலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கினேன். ரப்பர் எதுவும் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கக் கூடாது. அப்படி நின்றால் அந்த இழுப்பு முன்னால் இருக்கும் வளையும் குழாய்க்குப் போய் அதைப் பிளந்துவிடும், அது இதைவிடப் பெரிய செலவு. ஸ்பிரிங் போல்ட்டுகளில் செம்புத் துகள் கலந்த கிரீஸ் தடவினேன். ஸ்பிரிங் முழுக்க நசுங்கும்வரை இறுக்கக் கூடாது, இன்ஜின் ஆடும்போது அந்த இணைப்பு கொஞ்சம் அசையத்தான் அது இருக்கிறது.

வெல்டிங்தான் செய்வது என்று முடிவெடுப்பவர்கள், கழற்றித் தரையில் வைத்துச் செய்வது நல்லது. காரிலேயே செய்வதானால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். கையில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

இந்த ஒட்டு வேலையை நான் கன்வெர்ட்டருக்கு முன்னால் செய்திருக்க மாட்டேன். அங்கே சூடு மிக அதிகம். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும். காரின் கணினி அதை நம்பிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் விழும். சில சிலிகான் பசைகளின் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். அந்தப் பகுதி கெட்டால் சரியான புதிய பாகத்தைப் போடுவதுதான் சரி. கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு வெறும் குழாய் போடச் சொல்லும் ஆட்களும் உண்டு. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக நம் பின்னால் வருபவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும்.

மீண்டும் வேக்கம் கிளீனர், சோப்புத் தண்ணீர். நுரை இல்லை. திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டுப் பசையை இறுகவிட்டேன். முதலில் கொஞ்சம் புகையும் நாற்றமும் வந்து அடங்கின, புதுக் கிரீஸும் பசையும் சூடாகும்போது அப்படித்தான் இருக்கும். சத்தம் பழையபடி ஆகிவிட்டது.

சில ஓட்டங்களுக்குப் பிறகு, குழாய் சூடாகி ஆறி சற்று இளகியிருக்கும் என்பதால், கிளாம்புகளை மறுபடி இறுக்கினேன். ஒன்று கால் சுற்று உள்ளே போனது. இப்போது எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடுகிறேன். வாரத்தில் ஒருமுறையாவது அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வண்டியை ஓட்டுகிறேன், உள்ளே தங்கும் தண்ணீர் காயட்டும் என்று. சைலன்சர் பெட்டியின் பின் மடிப்பில் துரு கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறது. அடுத்துப் போவது அதுவாகத்தான் இருக்கும். பட்டை கிளாம்பைத் தளர்த்தினால் பெட்டி தனியாக வந்துவிடும், இனி அதை மட்டும் வாங்கினால் போதும்.