சி.ஐ.என். 1 என்று ரிப்போர்ட் வந்தால்

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலரும் கேட்பது, "கர்ப்பப்பையை எடுத்துடலாமா டாக்டர்?" என்றுதான். சி.ஐ.என். 1-க்காக மட்டும் எடுக்க வேண்டியதே இல்லை. சி.ஐ.என். 1 என்பது பயாப்சியில் (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) தெரியும் லேசான மாற்றம், புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பை வாயின் மேல்தோலில், அடியிலுள்ள மூன்றில் ஒரு பங்குக்குள் செல்கள் மாறியிருக்கின்றன. உடலுறவால் தொற்றும் எச்பிவி வைரஸ் வந்ததன் தடயம். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே சரியாகிவிடும்.

அந்தத் தாளைவிட முக்கியம், பயாப்சிக்கு முன் எடுத்த பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்களைத் தேய்த்தெடுத்துப் பார்ப்பது) ரிப்போர்ட். அதில் எல்எஸ்ஐஎல் (லேசான மாற்றம்) என்று இருந்தால் சிகிச்சை வேண்டாம். ஒரு வருடம் கழித்து எச்பிவி பரிசோதனை (25 வயதுக்குள் என்றால் பாப் ஸ்மியர்) போதும். எச்பிவி பாசிட்டிவ் என்றால் மறுபடி கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது). எச்எஸ்ஐஎல் (தீவிர மாற்றம்) என்று இருந்து பயாப்சியில் மட்டும் சி.ஐ.என். 1 என்று வந்திருந்தால் நிம்மதியாகிவிடக் கூடாது. பயாப்சியில் கிள்ளி எடுப்பது சில மில்லிமீட்டர் சதைதான். மோசமான இடம் தப்பியிருக்கலாம். ஸ்லைடுகளை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

கால்போஸ்கோபிக்கு வரும் முன் இரண்டு நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் கூடாது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்க்க வேண்டும். பரிசோதனையின்போது டாக்டர் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால், மாறிய செல்களைக் காட்டும் வெள்ளைப் படலம் சரியாகத் தெரியாது. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடும். "முழுதாகத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால், உள்வாயிலிருந்தும் மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். பயாப்சிக்குப் பின் ரத்தம் நிற்க மான்செல் கரைசல் வைப்போம்; சில நாள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வெளியேறும், பயம் வேண்டாம். காய்ச்சல், நாற்றம், கட்டி கட்டியாக ரத்தம் என்றால் உடனே வரவேண்டும்.

இரண்டு வருடமாகியும் மாறவில்லையென்றால் தொடர்ந்து கவனிக்கலாம், சிகிச்சையும் செய்யலாம். குளிரால் உறைய வைக்கும் கிரையோ என்றால் 3 நிமிடம் உறைய வைத்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி 3 நிமிடம். பிறகு சில வாரம் தண்ணீராகப் போகும். பார்க்க வேண்டிய பகுதி முழுதும் தெரிந்தால்தான் இது சரிப்படும். குழந்தை பெற விரும்புபவர்கள் லீப்புக்கு (மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது) அவசரப்பட வேண்டாம்; பிற்பாடு குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முடிந்த பிறகே மறுபரிசோதனை. எச்ஐவி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும்.

தடுப்பூசி இருக்கும் தொற்றைப் போக்காது, புதிதாக வருவதைத்தான் தடுக்கும். கணவருக்கு டெஸ்ட் எழுதச் சொல்கிறார்கள். ஆண்களுக்கு அப்படி வழக்கமான எச்பிவி பரிசோதனை கிடையாது, மாத்திரையும் கிடையாது. தொற்று பல வருடம் முன்பே வந்து ஒளிந்திருக்கலாம், யார் மேலும் பழி போட அதில் இடமில்லை.