வைரஸ் எதனால் குறைந்தது?

வைரஸ் ஆய்வுக்கூடத்தில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில், செல்கள் வளரும் தட்டில் மருந்து சேர்த்த குழியில் வைரஸ் குறைந்திருப்பதைக் காட்டுவது எளிது. அது எதனால் குறைந்தது என்று சொல்வதுதான் எனக்கு எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது.

செய்முறை பழக்கப்பட்டதுதான். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட வீரோ செல்கள் தட்டின் அடியில் ஒற்றை அடுக்காகப் படர்ந்ததும், அவற்றின்மேல் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழுவிவிட்டு, வைரஸ் மிதந்து பரவ முடியாதபடி கெட்டியாக்கிய ஊடகத்தில் மருந்தைக் கலந்து ஊற்றுவோம். இரண்டு மூன்று நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றிக் கழுவினால், பிழைத்த செல்கள் ஊதாவாக ஒட்டி நிற்க, வைரஸ் அழித்த இடங்கள் வெளுத்த வட்டங்களாகத் தெரியும். ஹெர்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிரின் செறிவு கூடக்கூட வட்டங்கள் சிறுத்துக்கொண்டும் குறைந்துகொண்டும் வந்து, ஒரு கட்டத்தில் குழி முழுவதும் ஊதாவாகிவிடும்.

ஆனால் வட்டங்கள் இல்லாத குழி மட்டும் போதாது. வைரஸ் தன் புரதங்களைச் செய்ய செல்லின் ரைபோசோம்களையும் ஆற்றலையுமே நம்பியிருப்பதால், செல்லை நலியச் செய்யும் எந்தப் பொருளும் வைரஸையும் குறைத்துக் காட்டிவிடும். வைரஸே இடாத தட்டு ஒன்றில் அதே மருந்தை அதே அளவுகளில் இட்டு, செல்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்காத முடிவை நான் முடிவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இந்தச் சோதனையில் அசைக்ளோவிர் தேறுவதற்குக் காரணம் அதன் வேதியியலிலேயே இருக்கிறது. வைரஸின் தைமிடின் கைனேஸ் என்னும் நொதி முதல் பாஸ்பேட்டை ஒட்டிய பிறகே செல்லின் நொதிகள் மற்ற இரண்டையும் சேர்க்கின்றன. ஆகவே தொற்று இல்லாத செல்லில் மருந்து பெரும்பாலும் விழிப்பதே இல்லை. முழுமையடைந்த மருந்து வைரஸின் டிஎன்ஏ இழையில் நுழைந்ததும், அடுத்த கண்ணி கோக்க இடமில்லாமல் இழை அங்கேயே நின்றுவிடுகிறது. இவ்வகை மருந்துகளுக்கு வழிவகுத்த கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

செல் நலமாக இருந்தும் ஏமாறலாம் என்பதை 2020 காட்டியது. மலேரியா மருந்தான குளோரோகுயின் வீரோ செல்களில் கொரோனா வைரஸைத் தடுத்தது உண்மைதான். அச்செல்களில் வைரஸ், செல் வெளிப்பொருள்களை உள்ளிழுக்கும் எண்டோசோம் என்னும் பை வழியாக நுழைகிறது. அப்பையின் அமிலத்தன்மையை மருந்து குறைத்துவிடுகிறது. மனித நுரையீரல் செல்வகையான காலு-3-இல் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்னும் புரதம் செல்லின் மேற்பரப்பிலேயே வைரஸுக்கு வழி திறந்துவிடுவதால், அங்கே அம்மருந்து பலிக்கவில்லை. குரங்கின் சிறுநீரகச் செல்லில் கிடைத்த முடிவை மனித நுரையீரலுக்கு அப்படியே ஏற்றிப் பேசிய அவசரம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மருந்து தாக்குவது வைரஸைத்தான் என்பதற்கு, செறிவு கூடக்கூட வட்டங்கள் குறைவதைக் காட்டும் வரைபடத்தைவிட நான் நம்பும் சான்று, மருந்துக்கு எதிராக வைரஸ் பெறும் எதிர்ப்புத் திறன். அசைக்ளோவிர் கலந்த ஊடகத்திலேயே ஹெர்பிஸ் வைரஸைத் தொடர்ந்து வளர்த்து, தப்பியவற்றின் மரபணுக்களைப் படித்தால், மாற்றம் பெரும்பாலும் தைமிடின் கைனேஸிலும், சிலவற்றில் டிஎன்ஏ இழையைக் கோக்கும் நொதியான டிஎன்ஏ பாலிமரேஸிலும் இருக்கும். செல்லைப் பொதுவாக நலிவடையச் செய்யும் பொருளுக்கு எதிராக இப்படிக் குறிப்பிட்ட மரபணுவில் மாற்றம் பெற்று வைரஸ் தப்புவது அரிது.