ஹைட்ரோபோன்: கீழ்க்குரல் கிடைத்துவிட்டது!

வீட்டுக்குப் பின்னாலுள்ள சீமெந்துத் தொட்டிக்குள் சிலிக்கன் பூசிய சின்ன ஸ்பீக்கரை இறக்கி, வில்தலைத் திமிங்கிலத்தின் பாட்டை ஓடவிட்டேன். ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் ஒலி பிடிக்கிற மைக், பிடித்ததை ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால், ஒலியின் உயரத்தைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் மேலே ஒரு கோடு, கீழே இன்னொரு கோடு. இவ்வளவு நாளும் மேல்கோடு மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அழுத்தம் பட்டால் மின்சாரம் தருவது பீசோ தகடு. 'பீசோ தகட்டில் வயரை ஒட்டி போனில் செருகு, ஹைட்ரோபோன் ரெடி' என்று படம் போடுகிறவர்களைக் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் மிச்சத்தை எழுத வேண்டும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஆர்க்டிக் திமிங்கிலம் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. இந்தத் திமிங்கிலம் ஒரே நேரத்தில் இரண்டு குரல் எழுப்பும், ஒன்று உறுமல், மற்றது கீச்சு. கருவி எந்தப் பக்கத்தைத் தின்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. கிறீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணையில் கடலொலி ஆய்வாளர் கேட் ஸ்டாஃபோர்ட் குழுவினர் கடலுக்குள் கருவி விட்டு 2010 முதல் 2014 வரையான பதிவுகளில் 184 வெவ்வேறு பாட்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அதில் பாதிக்கு மேல் சூரியனே எழும்பாத இருட்டில், பனிக்கட்டிக்குக் கீழே, நாள் முழுக்கப் பாட்டு. கூன்முதுகுத் திமிங்கிலங்களில் ஒரு கூட்டத்து ஆண்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பாட்டைப் பாடும். வில்தலைகளோ ஒரு பாட்டை அடுத்த வருடத்துக்கு வைத்திருப்பதே இல்லை, புதுசு புதுசாக எடுத்துவிடும். இனச்சேர்க்கைக் காலமும் அதுதான் என்பதால், துணை தேடி ஆண்கள் பாடுகின்றன என்பதே பொதுவான கணிப்பு.

சரி, தகட்டுக்கு வருவோம். நான் போட்டது 27 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு, கொள்ளளவு ஏறக்குறைய 20 நானோஃபரட். போனின் மைக் உள்ளீட்டின் தடை சில கிலோ ஓம்தான். 2 கிலோ ஓம் என்றே வைத்தால், தகடும் தடையும் சேர்ந்து ஏறக்குறைய 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் குறைத்துவிடும். 10 கிலோ ஓம் உள்ள ரெக்கோடரில் போட்டாலும் 800 ஹெர்ட்ஸில் வெட்டு. திமிங்கிலத்தின் உறுமல் கிடப்பது சில நூறு ஹெர்ட்ஸில். பிறகு எப்படிக் கேட்கும்? தகட்டுக்குப் பக்கத்திலேயே ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகை ஒன்றை வைத்து, அதன் கேட்டுக்கு 1 மெகா ஓம் கொடுத்தால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் 8 ஹெர்ட்ஸும் கூடாது. வாவியில் தோணி ஆடுகிற ஆட்டமே மீட்டரைச் சிவப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 220 கிலோ ஓமில் வெட்டு 36 ஹெர்ட்ஸ். இப்போதைக்கு அதுதான் என் அளவு, மாற்றுகிற எண்ணமில்லை.

தொட்டிச் சோதனையை ரொம்ப நம்பவும் வேண்டாம். தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1500 மீட்டர் போகும், ஆகவே 300 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மீட்டர். என் தொட்டி அதில் பாதிகூட இல்லை. குரல் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும்தான் தொட்டி, தரத்தைப் பார்க்க வாவிதான்.

ஜேஃபெட் கதை தனி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து கூரியரில் எடுத்த எம்பிஎஃப்102 என்ற ஜேஃபெட் பொதியில் பாதிக்கு மேல் போலி. மல்டிமீட்டரில் சாதாரண டிரான்சிஸ்டர் மாதிரிக் காட்டுகிறது. கடைக்காரரிடம் கேட்டால் 'எல்லாரும் இதைத்தான் கொண்டுபோறாங்க' என்கிறார். கடைசியில் உடைந்த பழைய கார் ரேடியோவிலிருந்து கழற்றியதுதான் வேலை செய்தது. காத்தான்குடியில் பழுதுபார்க்கிற கடைகளில் இப்படிப்பட்ட பழைய பலகைகள் கிலோக் கணக்கில் கிடக்கின்றன, கேட்டால் சும்மாவே தருவார்கள்.

வாவியிலும் இறக்கிப் பார்த்தேன், கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே. இந்த வாவிக்குப் பேர்போன மீன் பாட்டு கேட்கப் போகிறேன் என்று நினைத்துத் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவைத்துக்கொண்டார். 1848இல், இலங்கையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் இதே வாவியில் தோணியில் உட்கார்ந்து, தோணிப் பலகையில் காதை வைத்தும் கேட்டது அந்த ஓசையைத்தான். என் ஹெட்போனில் முதலில் வந்ததோ எண்ணெய்ச் சட்டிப் பொரியல். எல்லாம் சொடுக்கு இறால். கொடுக்கை அறைந்து மூடும்போது உண்டாகிற குமிழி உடைகிற சத்தம் அது, வெப்பக் கடல் எங்கும் உண்டு. 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டியதும் அடியில் கட்டையாக ஒரு 'ங்ர்ர்... ங்ர்ர்' விட்டு விட்டு வந்தது. ஹெட்போனைத் தோணிக்காரரிடம் நீட்டினேன். "இது பாட்டில்ல மனே, கெளிறு. வலைக்குள்ள கிடந்தும் இப்பிடித்தான் கத்தும்" என்றார். தகட்டை நேரே போனில் செருகியிருந்தால் அந்தக் கெளிறுகூட எனக்குக் கிடைத்திருக்காது.

வடக்கே பனிக்கு அடியில் பதிவுசெய்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பனிமூட்டம் அல்ல, பனிப்பாளம். அது அலையை அமுக்கிவிடும். அங்கே மேல்மட்டத் தண்ணீர்தான் மிகக் குளிர், ஒலியின் வேகமும் அங்கேதான் குறைவு. அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து, பனியின் அடியில் பட்டுத் திரும்பி, மறுபடி வளைந்து வெகுதூரம் போகும். கீச்சுக் குரல் பனியில் பட்டுச் சிதறும், கீழ்க்குரல்தான் தாக்குப்பிடிக்கும். பாடுகிற தொண்டையும் விசித்திரம். 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், வேறு பலீன் திமிங்கிலங்களின் (பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடு உள்ளவை) குரல்வளையில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். யு வடிவக் குருத்தெலும்பு ஒரு கொழுப்பு மெத்தையின்மேல் அழுந்த, காற்று போகும்போது அந்த மெத்தை அதிர்கிறதாம். மூச்சை வெளியே விடாமல் காற்றை உள்ளேயே சுழற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது உறை. அரல்டைட் ஊற்றிய தகட்டில் வயர் நுழைகிற இடத்தால் உப்புத் தண்ணீர் இன்னும் கசிகிறது, அதை முடிக்கவில்லை. அதற்குள் பிவிசி குழாயில் ஆமணக்கெண்ணெய் நிரப்பிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒலி அதற்குள் ஏறக்குறைய தண்ணீரில் போகிற மாதிரியே போவதால் பெரிய ஹைட்ரோபோன்களிலும் அதை நிரப்புவது உண்டு. நாட்டு மருந்துக் கடையில் போத்தல் சொல்லி வைத்திருக்கிறேன். உறை நின்றால் திருகோணமலைப் பக்கம் போகலாம். அங்கே வரும் நீலத் திமிங்கிலத்தின் நீண்ட தொனி ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில், என் 36 ஹெர்ட்ஸ் வெட்டுக்கு மேலே தாராளமாக இடமிருக்கிறது. உப்புத் தண்ணீர் தாங்குகிற, கவசம் உள்ள மெல்லிய கேபிள் 30 மீட்டர் வேண்டும். கொழும்பு விலை கட்டுப்படியாகாது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.